தங்கை வரைந்த தபால் ஆபீஸ்

பெரியவள் யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்ததில் வந்த பழக்கம் அது. வாயில் மிச்சமிருக்கும் சொந்தப் பல்லின் நிறத்தோடு செய்து வைத்த பல்லின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை இருக்கிறது என்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவள் சரி என்று சொன்ன பல் ஒன்றுகூட டாக்டரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. இதைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

அதற்கு முன்பு பதினோரு வருஷம் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் அவள் பெயிண்ட் பூசியிருக்கிறாள். அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் தங்கையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

அக்காவும் தங்கையும் ஒரே நாளில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பதினேழு. விண்ணப்பம் எழுதியது, நாலு தடவை அலைந்தது, கை நடுங்காமல் கோடு இழுத்துக் காட்டித் தேறியது எல்லாம் பெரியவள். தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொன்னதால் துணைக்கு ஒட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள்.

கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் படத்தின் கோடுகளை வேறொரு பிரிவில் மையால் எடுத்து அனுப்புவார்கள். அந்தத் தாளுக்கு செல் என்று பெயர். அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக, கோட்டைத் தாண்டாமல் நிறத்தை நிரப்ப வேண்டும். பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. ஒரு சொட்டை வைத்து, அதைத் தள்ளிக்கொண்டே கோடு வரைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். நரியின் வால் பழுப்பு ஏழு, நரியின் சட்டை காக்கி மூன்று. மேற்பார்வையாளர் ஒருவர் மேஜை மேஜையாகக் குனிந்து "தூசி, தூசி" என்று சொல்லிக்கொண்டே போவார். அவருக்குத் தூசி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவரே பெரியவளின் மேஜையில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். சின்னவளின் மேஜையில் கால் மணி நேரம் நிற்பார்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், மிஞ்சிப்போன பெயிண்டை வைத்து ஒரு அட்டையின் பின்பக்கம் சின்னவள் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னணிக் காட்சிகள் வரையும் பிரிவின் தலைவர் கத்தரிக்கோல் கேட்டுக் கீழே வந்தவர், அந்த அட்டையைக் கையில் எடுத்தார். அந்த அறையின் ஜன்னலைத்தான் அவள் வரைந்திருந்தாள். கத்தரிக்கோலை மறந்துவிட்டு அட்டையோடு மாடிக்குப் போனார். மறுநாள் காலையில் சின்னவளுக்கு மாடியில் மேஜை போட்டார்கள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கதவைச் சாத்திக்கொண்டு அதே ஜன்னலைப் பெரியவளும் வரைந்தாள். வேலை நாளில் கம்பிகளை எண்ணி, நிழலை அளந்து வைத்துக்கொண்டு, ஒரு இடத்தில்கூட நிறம் வெளியே போகாமல் வரைந்தாள். அதைக் கொண்டுபோய்ப் பின்னணித் தலைவரிடம் காட்டினாள். அவர் நல்ல மனுஷர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த 'சுத்தம்' என்ற சொல் அவளுக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

தபால்கார நரி ஒன்றைப் பற்றிய பன்னிரண்டு நிமிஷப் படம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. நரி முதல் நாள் வேலைக்கு வரும் காட்சிக்கு ஒரு தபால் ஆபீஸின் உள்பக்கம் வேண்டும். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த படத்தின் மேல் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள். நாலு மணிக்குள் வேறு படம் வேண்டும் என்று கேமரா அறையிலிருந்து ஆள் வந்து நின்றான். பிரிவில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். சின்னவள் மட்டும் இருந்தாள்.

அவள் தடதடவென்று படியிறங்கி வந்தாள். சாம்பல் நிறம் கொஞ்சம் கொடு என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா எந்த எண் என்று கேட்பதற்குள், பிரஷ் கழுவி வைத்திருந்த தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். காலையிலிருந்து பழுப்பு ஏழும் காக்கி மூன்றும் கரைந்து பாசி நிறமாகிப்போன தண்ணீர் அது. குவளையை வாங்கிவரப் போன பெரியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அந்த அழுக்குத் தண்ணீரில் அகலப் பிரஷ்ஷைத் தோய்த்து, ஈரத் தாளின் மேல் சின்னவள் ஒரே இழுப்பாக இழுத்தாள். அது கவுன்ட்டரின் நிழலாகி உட்கார்ந்தது. பாதி தூக்கிய இரும்புக் கதவுக்குக் கீழே தாளை வெறுமையாகவே விட்டாள். அது காலை வெயிலாகிவிட்டது. இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே, வலது கையால் எடை போடும் தராசை நாலு புள்ளிகளில் முடித்தாள். எல்லாம் நாற்பது நிமிஷம். முடித்ததும் கேமரா ஆளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டாள்.

திரையில் அந்தப் படம் நாலு விநாடி வரும். அந்த நாலு விநாடியும் பெரியவளுக்கு வயிறு எரியும்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னவளுக்குக் கல்யாணமானது. கணவருக்குத் தரை ஓடு விற்கும் கடை. சின்னவள் வேலையை விட்டாள், பிரஷ்ஷையும் அதோடு விட்டாள். ஏன் என்று யாராவது கேட்டால், நேரம் எங்கே இருக்கிறது என்று சிரிப்பாள். பெரியவளால் இதைத்தான் தாங்க முடியவில்லை. தங்கை வரைந்து பேரும் புகழும் வாங்கியிருந்தால் அவளுக்கு வயிறு எரிந்திருக்கும், ஆனால் நியாயமாக எரிந்திருக்கும். கிடைத்ததை மேஜை மேலேயே வைத்துவிட்டு எழுந்து போனவளைப் பார்த்து எப்படி எரிவது? பெரியவள் கீழேயே ஒன்பது வருஷம் மேலும் நரி வாலுக்குப் பழுப்பு பூசினாள். கம்பெனி மூடியதும் பல் கூடத்துக்குப் போனாள்.

ஓய்வு பெற்று மூன்று வருஷமான பிறகு ஒரு கடிதம் வந்தது. பழைய கார்ட்டூன் படங்களின் அசல் ஓவியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் ஒன்று, மூடிய கம்பெனியின் கிடங்கு முழுவதையும் வாங்கியிருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் இருந்த முகவரிகளைத் தேடிப் பிடித்து அக்காவுக்கும் தங்கைக்கும் எழுதியிருந்தார்கள். நேரில் வந்து, எது யார் வேலை என்று அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சின்னவள் போனில், எனக்கு முட்டி வலி, நீ போய்ட்டு வந்து சொல்லு என்றாள். பெரியவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காப்பகம் ஒரு பழைய துணிக் கிடங்கு. வாசலிலேயே கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பருத்திக் கையுறை கொடுத்தார்கள். அறை குளிராக இருந்தது, சுவர் முழுக்கச் சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள். பழைய செல்கள் கெட்டுப்போக ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், அதற்குத்தான் இந்தக் குளிர் என்று காப்பாளர் விளக்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேல் வரிசையில் ஒரு பல் கட்டியது, ஒரு படி வெள்ளை அதிகம் என்று பெரியவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

காப்பாளர் முதலில் செல்களைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய காகிதம். பெரியவள் பார்த்த மாத்திரத்தில் தன் கையைக் கண்டுகொண்டாள். காதுக்குள், விரலிடுக்கில், நிறம் கோட்டைத் தொட்டு நிற்கும் இடம். இது என்னுடையது, இதுவும், இதுவும் என்று நாற்பது, ஐம்பது காட்டினாள். காப்பாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'வண்ணம்: பூச்சுப் பிரிவு' என்று மட்டும்தான் இருந்தது. செல் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெயர் போடுவதில்லை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பின்னணி ஓவியங்களுக்கு மட்டும் போடுகிறோம் என்றாள் காப்பாளர். சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவள் கையுறையைச் சரி செய்துகொண்டாள்.

பிறகு காப்பாளர் அகலமான ஒரு இழுப்பறையைத் திறந்தாள். தபால் ஆபீஸ்.

எங்களிடம் இருப்பதிலேயே இதுதான் எல்லோருக்கும் பிடித்தது என்றாள் காப்பாளர். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்களாம். நகல் எடுக்க அனுமதி கேட்கிறார்களாம். கீழே சீட்டில் 'வரைந்தவர்: தெரியவில்லை' என்று இருந்தது.

"இந்த நிழல்தான்மா எங்களுக்குப் புரியல. கம்பெனியோட நிறப் பட்டியல்ல இருக்கிற எந்த எண்ணோடயும் சேரல. எப்படிக் கலந்திருப்பாங்க?"

"கலக்கல. அது பிரஷ் கழுவின தண்ணி. பழுப்பு ஏழு, காக்கி மூணு."

காப்பாளர் நிமிர்ந்து பார்த்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

தங்கை வரைந்தாள், நான் வாசற்படியில் நின்று பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் பெரியவள்.

"நான்தானே வரைஞ்சேன்" என்றாள்.

காப்பாளரின் முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்து, சீட்டில் 'தெரியவில்லை' என்பதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பெரியவளின் பெயரைத் தெளிவாக எழுதினாள். பெரியவள் பேருந்தில் திரும்பினாள். அந்த நிழல் என் தண்ணீர்தானே, அதில் எனக்குப் பங்கில்லையா என்று ஜன்னல் பக்கம் திரும்பி வாதாடிக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தங்கையிடம், பழைய குப்பையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். காப்பகக்காரர்கள் முன்னறையில் ஒரு சின்னக் கண்காட்சி வைப்பார்கள் என்பதோ, அழைப்பிதழைப் பதிவேட்டில் இருந்த எல்லோருக்கும் அனுப்புவார்கள் என்பதோ அவளுக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து அழைப்பிதழ் வந்தது. அட்டையில் தபால் ஆபீஸ் படம், கீழே அவள் பெயர். அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். செருகிய கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. சின்னவளுக்கும் வந்திருக்கிறது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததாகத் தெரியவில்லை. முட்டி தேவலை, அவர் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறார், உன்னையும் ஏற்றிக்கொள்கிறோம் என்றாள்.

காரில் போகும் வழியெல்லாம் சின்னவள் மருமகளின் சமையலைப் பற்றிப் பேசினாள். திருடிய பொருளோடு, பறிகொடுத்தவளின் வண்டியிலேயே போகிற மாதிரி இருந்தது என்று பெரியவள் பிற்பாடு சொன்னாள்.

முன்னறையில் முதல் சுவரிலேயே அது மாட்டியிருந்தது. சின்னவள் நேராக அங்கே போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள், சீட்டைப் படித்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பெரியவள் மூன்றடி தள்ளி நின்றாள்.

"அக்கா, இது நீயா? சொல்லவே இல்லையே. என்ன அழகா வரைஞ்சிருக்கே."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். தங்கையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒளிவு மறைவே இல்லை. அவள் மெய்யாகவே மறந்துபோயிருந்தாள். வெயிலைக் காட்டி, இதை எப்படி விட்டாய், தாள் அப்படியே தெரிகிறதே என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பெரியவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். கொஞ்சம் சிரிங்க அண்ணி என்றார்.

பெரியவளுக்குள் பொங்கி வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. இதை அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆத்திரம்தான் வந்தது. நாற்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு இழுப்பும் கண்ணுக்குள் நிற்க, தூக்கம் கெட்டு நான் கிடக்கிறேன். வரைந்தவளுக்கு நினைவே இல்லை! திருடியும்கூட இவளிடமிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

தேநீர் கொடுக்கும் மேஜைப் பக்கம் தங்கையை இழுத்துக்கொண்டு போனாள்.

"அது நீ வரைஞ்சதுடி. நான் பொய் சொல்லி என் பேரப் போட்டுக்கிட்டேன்."

சின்னவள் கோப்பையை வைத்தாள். "நானா?" என்று திரும்பித் தூரத்திலிருந்து படத்தைப் பார்த்தாள். "ஞாபகமே இல்லக்கா. விடு, உன் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."

சின்ன வயதில் பெரியவளுக்குச் சிறுத்துப்போன பாவாடை சட்டைகளெல்லாம் சின்னவளுக்குத்தான் போகும். அவள் முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்வாள். இப்போது அவள் தனக்கு வேண்டாததை எடுத்து அக்காவுக்குக் கொடுக்கிறாள். பெரியவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் தனியாகப் பேருந்து பிடித்துக் காப்பகத்துக்குப் போனாள். காப்பாளர் இன்னொரு பெட்டியில் மும்முரமாக இருந்தாள். பெரியவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காப்பாளர் எழுந்துபோய் அந்தச் சீட்டை எடுத்து வந்து, பெரியவளின் பெயர் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கீழே சின்னவளின் பெயரையும் தேதியையும் எழுதினாள்.

"அழிக்க மாட்டீங்களா?"

"இங்க எதையும் அழிக்கிறதில்லம்மா. கோடு மட்டும்தான்." பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பொறாமைதான். வேற என்ன."

காப்பாளர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்த விஷயம் அத்தோடு முடியவில்லை. ஓவியரையே பேட்டி எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று காப்பகத்தில் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியும் என்று சின்னவள் இரண்டு வாரம் இழுத்தடித்தாள். கடைசியில், அக்கா வந்தால் வருகிறேன் என்றாள். இந்தத் தடவை துணைக்குப் போனது பெரியவள்.

மேஜை மேல் ஒலிப்பதிவுக் கருவி, நடுவில் கண்ணாடிக்கடியில் தபால் ஆபீஸ். காப்பாளர் முதல் கேள்வியைச் சின்னவளிடம் கேட்டாள். தாளை எப்படித் தயார் செய்தீர்கள்? சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். அக்காவிடம் கேளுங்கள் என்றாள். இரண்டாவது கேள்விக்கும் அதே பதில். மூன்றாவது கேள்வியைக் காப்பாளர் நேராகப் பெரியவளிடமே கேட்டாள்.

பெரியவள் பேச ஆரம்பித்தாள். சின்னவள் தாளை நாலு ஓரமும் ஒட்டி, பஞ்சால் நனைத்தாள். மேலே பாதிதான் நனைத்தாள், கீழே காய்ந்திருந்தது, அதனால்தான் நிழலின் விளிம்பு அங்கே கூர்மையாக நிற்கிறது. பிரஷ் இரண்டு விரல் அகலம், ஒரு பக்கம் மயிர் உதிர்ந்தது, அந்தக் கவுன்ட்டரின் ஓரத்தில் தெரியும் கீறல் அதனால் வந்தது. முதலில் வைத்தது நிழல், கடைசியில் வைத்தது தராசு. நடுவில் இரண்டு தடவை கையைப் பாவாடையில் துடைத்தாள். ஒரு தடவை எழுந்துபோய்த் தூரத்திலிருந்து பார்த்தாள். அப்போது வாசலில் நின்றவளை அவள் கவனிக்கவில்லை. ஒரு விவரத்தையும் பெரியவள் நிறுத்தி யோசித்துச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் சொன்னாள். சின்னவள் மோவாயில் கை வைத்துக்கொண்டு, யாரோ ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் சின்னவள் கேட்டாள்.

"அன்னைக்கு அவ்வளவு நேரம் என்னையே பாத்துட்டு நின்னியாக்கா?"

"அன்னைக்கு மட்டும் இல்ல. மாடிக்கு வர ஏதாவது சாக்குத் தேடிட்டே இருப்பேன்."

"எதுக்கு?"

"உனக்கு வருது, எனக்கு வரலைன்னுதான்."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருக்கலாமே. சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றாள்.

அவள் மனசாரத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது ஆறுதலாக இல்லை, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பேருந்து வரும்வரை அப்படியே நின்றார்கள்.

ஆறு வாரம் கழித்துப் பேட்டியைத் தட்டச்சு செய்து, திருத்தம் இருந்தால் குறித்து அனுப்பச் சொல்லிப் பெரியவளின் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பக்கம். முதல் பக்கத்தின் மேலே, 'பின்னணி ஓவியருடன் உரையாடல்' என்று போட்டுச் சின்னவளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'உடன் இருந்தவர்: ஓவியரின் அக்கா.'

முப்பத்தெட்டில் முப்பத்தைந்து பக்கம் அவள் பேசியது. அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். மேலே இருந்த வரிக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தாள். பென்சிலை ஒரு தடவை அதன் மேல் கொண்டுபோனாள். ஏற்கெனவே ஒரு தடவை பொய் சொன்னவள் இப்போது என்ன கேட்க முடியும்? பன்னிரண்டாம் பக்கத்தில் பழுப்பு ஏழைப் பழுப்பு எட்டு என்று அடித்திருந்தார்கள். இருபத்தொன்றாம் பக்கத்தில் பஞ்சுக்குப் பதிலாகத் துணி என்று இருந்தது. இரண்டையும் திருத்தினாள். உறையில் போட்டு ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கடையில் புது ஓடு வந்திருக்கிறது, உன் குளியலறைக்கு வேண்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கப் போகும்போது நினைவு வந்தவளாய்க் கேட்டாள்.

"அந்தப் பேட்டி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. சரி பாத்து அனுப்பிட்டேன்."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றாள் பெரியவள். பிறகு, "நீதான் நல்லா வரைஞ்சிருக்கே" என்றாள்.

அதைச் சொல்லி முடிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மறுமுனையில் சின்னவள் சிரித்துவிட்டு, ஓடு வேண்டுமா வேண்டாமா என்று மறுபடி கேட்டாள்.